ஜான் லெனனை நாடு கடத்தத் துடித்த அமெரிக்கா: 4 ஆண்டு வழக்கில் ஜெயித்தது எப்படி?

ஜான் லெனன் என்றதும் பலருக்கு ஞாபகம் வருவது வட்டக் கண்ணாடியும் 'இமாஜின்' பாட்டும்தான். பீட்டில்ஸ் குழுவை உருவாக்கியவர், 60-களில் உலக இளைஞர்களைக் கட்டிப்போட்டவர். இவ்வளவு புகழ் இருந்தும் ஒரு கட்டத்தில் அமெரிக்காவில் அவர் வெறும் விசா முடிந்த வெளிநாட்டுக்காரர். ஊரைவிட்டுக் கிளம்பச் சொல்லி அரசு நோட்டீஸ் அனுப்பியது. அவர் கிளம்பவில்லை. நான்கு வருடங்களுக்கு மேல் கோர்ட்டு, கேஸ் என்று அலைந்து, கடைசியில் ஜெயித்தார்.

கடந்த 2025 பிப்ரவரியில் 104 இந்தியர்களை ஏற்றிக்கொண்டு அமெரிக்க ராணுவ விமானம் ஒன்று அமிர்தசரஸில் இறங்கியது. அப்போதிலிருந்து நாடு கடத்தல் என்ற வார்த்தை நம்ம ஊர் டீக்கடை வரைக்கும் வந்துவிட்டது. அந்த மாதிரி வழக்கை ஒருவர் எப்படி எதிர்கொள்ள முடியும்? வக்கீல் இருந்தால் என்ன வித்தியாசம்? இதைப் புரிந்துகொள்ள லெனனின் கதையைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கஷ்டம்.

*பெரியம்மா வளர்த்த பையன்*

1940 அக்டோபர் 9. இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்த நேரம். இங்கிலாந்தின் துறைமுக நகரமான லிவர்பூலில் லெனன் பிறந்தார். அப்பா ஆல்ஃபிரட் கப்பல் வேலைக்காரர், வீட்டில் தங்கியதே குறைவு. அம்மா ஜூலியா. பெற்றோர் பிரிந்துவிட, பையனை வளர்த்தது அம்மாவின் அக்கா மிமி.

அம்மாவும் பக்கத்திலேயேதான் இருந்தார். பையனுக்கு இசை ஆர்வத்தை ஊட்டியதே அவர்தான். ஆனால் 1958 ஜூலையில், பணியில் இல்லாத ஒரு போலீஸ்காரர் ஓட்டிவந்த கார் மோதி ஜூலியா இறந்துபோனார். லெனனுக்கு அப்போது வயது 17. குழந்தை ஒரு பக்கம், அம்மா ஒரு பக்கம் என்று ஒரு குடும்பம் பிரிவது எப்படியிருக்கும் என்பது அவருக்குச் சின்ன வயசிலேயே தெரியும். பின்னால் நடந்த வழக்கிலும் குழந்தைதான் மையம் என்பதால் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

1957-ல் ஒரு தேவாலயத் திருவிழாவில் பால் மெக்கார்ட்னியைச் சந்தித்தார். பிறகு ஜார்ஜ் ஹாரிசன் சேர்ந்தார். 1960-ல் பீட்டில்ஸ் என்ற பெயர் வந்தது.

*நாடு கடத்தல்: முதல் அனுபவம் ஜெர்மனியில்*

பலருக்குத் தெரியாத விஷயம் இது. பீட்டில்ஸ் குழுவுக்கும் நாடு கடத்தலுக்கும் உறவு அமெரிக்காவில் தொடங்கியது இல்லை. 1960-ல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்து இரவு விடுதிகளில் இவர்கள் வாசித்துக்கொண்டிருந்தார்கள். அங்கிருந்து போட்டி விடுதிக்கு மாற முயன்றபோது பிரச்சினை வெடித்தது. ஜார்ஜ் ஹாரிசனுக்கு 18 வயது ஆகவில்லை என்ற தகவல் அதிகாரிகளுக்குப் போனது. நவம்பரில் அவரை நாடு கடத்தினார்கள். அடுத்ததாக, தங்கியிருந்த இடத்தில் தீ வைத்ததாகப் பாலும் டிரம்மர் பீட் பெஸ்ட்டும் கைதாகி அனுப்பப்பட்டார்கள். லெனனும் கொஞ்ச நாளில் ஊர் திரும்பினார்.

அதற்கப்புறம் நடந்தது ஊரறிந்த கதை. 1964 பிப்ரவரியில் நியூயார்க் விமான நிலையத்தில் இறங்கியபோது ஆயிரக்கணக்கில் ரசிகர்கள் திரண்டார்கள். எட் சல்லிவன் டிவி நிகழ்ச்சியில் அவர்களைப் பார்த்தவர்கள் சுமார் 7.3 கோடி பேர். 1968-ல் தியானம் கற்க மகரிஷி மகேஷ் யோகியின் ரிஷிகேஷ் ஆசிரமத்துக்கும் வந்து தங்கினார்கள்.

*150 பவுண்டு அபராதம் போட்ட முடிச்சு*

அதே 1968 அக்டோபரில் லண்டனில் லெனனும் ஜப்பானிய ஓவியக் கலைஞர் யோகோ ஓனோவும் தங்கியிருந்த வீட்டுக்குள் போலீஸ் நுழைந்தது. கொஞ்சம் கஞ்சா பிசின் கிடைத்ததாக வழக்கு. அது தனக்குத் தெரியாமல் அங்கே இருந்தது என்பது லெனனின் நிலைப்பாடு. அந்த வீட்டில் அவருக்கு முன்னால் வேறு இசைக் கலைஞர்களும் வாடகைக்கு இருந்திருக்கிறார்கள்.

ஆனாலும் நவம்பரில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். யோகோ அப்போது இங்கிலாந்தில் ஒரு வெளிநாட்டுக்காரர். வழக்கு இழுத்தால் அவருடைய விசாவுக்கே ஆபத்து வரும் என்ற பயம் இருந்தது. கர்ப்பமாக இருந்த யோகோவுக்கு அந்த மாதமே கரு கலைந்தது. லெனனுக்கு 150 பவுண்டு அபராதத்தோடு வழக்கு முடிந்தது. அன்றைய நிலையில் அந்தப் பணம் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை.

ஆனால் அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்தில் ஒரு விதி இருந்தது. கஞ்சா வைத்திருந்ததாகத் தண்டனை பெற்ற வெளிநாட்டவருக்கு அங்கே நிரந்தரமாகத் தங்க இடமில்லை. தொகை சின்னதா பெரியதா என்ற கேள்வியே கிடையாது. 1969-ல் இந்தக் காரணத்தால் அவருக்கு அமெரிக்க விசா கிடைக்கவில்லை. நியூயார்க்கில் நடத்த நினைத்த போர் எதிர்ப்பு நிகழ்ச்சியைக் கனடாவின் மாண்ட்ரியலுக்கு மாற்ற வேண்டியதாயிற்று.

அந்தச் சோதனையை நடத்திய போதைத் தடுப்பு போலீஸ் அதிகாரியே, வேறொரு வழக்கில் பொய் சாட்சி சொன்ன விவகாரத்தில் 1973-ல் சிறைக்குப் போனார். அதனால் லெனன் மீதிருந்த தண்டனை தானாக அழிந்துவிடவில்லை.

*அமெரிக்கா போனது எதற்கு?*

1969 மார்ச்சில் லெனனும் யோகோவும் திருமணம் செய்துகொண்டார்கள். யோகோவுக்கு முந்தைய திருமணத்தில் கியோகோ என்ற மகள் உண்டு. குழந்தையை அவளுடைய அப்பா கூட்டிக்கொண்டு போய்விட்டார். அவளைத் தேடித்தான் 1971 ஆகஸ்டில் இருவரும் விசிட்டர் விசாவில் நியூயார்க் வந்தார்கள். லெனனின் பழைய வழக்கு இருந்தும், இதற்காகச் சிறப்பு அனுமதி கொடுக்கப்பட்டது.

டெக்சாஸ் கோர்ட் குழந்தையை யோகோவிடம் ஒப்படைக்க உத்தரவிட்டது. ஆனால் ஒரு நிபந்தனை போட்டது. குழந்தையை அமெரிக்காவிலேயே வளர்க்க வேண்டும். உத்தரவு கையில் கிடைத்தது, குழந்தை கிடைக்கவில்லை. அப்பா அவளோடு தலைமறைவாகிவிட்டார்.

இருவரின் விசா 1972 பிப்ரவரி 29-ம் தேதி முடிந்தது. யோகோ அமெரிக்காவை விட்டுப் போனால் மகளை இழப்பார். லெனனுக்கோ அங்கே இருக்க வழியில்லை. ஆக, அந்த நோட்டீஸ் ஒருவரை மட்டும் வெளியேற்றும் காகிதம் இல்லை, ஒரு குடும்பத்தையே இரண்டாகப் பிரிக்கும் காகிதம்.

*ரகசியக் கடிதம்*

விசா முடிந்தது, அதனால் நோட்டீஸ் வந்தது. இதில் அரசியல் எங்கே வந்தது என்று தோன்றலாம்.

1971 டிசம்பரில் மிச்சிகன் மாகாணத்தின் ஆன் ஆர்பரில் ஒரு இசை நிகழ்ச்சி நடந்தது. இரண்டு கஞ்சா சிகரெட்டுக்காக 10 ஆண்டு தண்டனை பெற்றிருந்த ஜான் சின்க்ளேர் என்ற கவிஞரை விடுவிக்கச் சொல்லி சுமார் 15,000 பேர் கூடினார்கள். லெனன் மேடையேறிப் பாடினார். மூன்றே நாளில் சின்க்ளேர் வெளியே வந்தார். அந்தக் கூட்டத்துக்குள் எஃப்.பி.ஐ. ஆட்களும் இருந்து குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்கள்.

1972 தேர்தல் ஆண்டு. அதிபர் ரிச்சர்ட் நிக்சன் மறுபடி போட்டியிடுகிறார். வியட்நாம் போர் ஓடிக்கொண்டிருக்கிறது. 18 வயதானவர்களுக்கு முதல்முறையாக அதிபர் தேர்தலில் ஓட்டு. போரை எதிர்க்கும் லெனன் ஊர் ஊராகப் போய்ப் பாடினால் அந்த ஓட்டெல்லாம் யாருக்குப் போகும்? ஆளும் தரப்பின் கவலை இதுதான்.

பிப்ரவரியில் நிக்சன் கட்சியின் செனட்டர் ஸ்ட்ராம் தர்மண்ட், அட்டர்னி ஜெனரல் ஜான் மிட்சலுக்கு ஒரு கடிதம் அனுப்பினார். லெனனின் விசாவை முடித்துவைத்தால் அரசியல் தலைவலி தீரும் என்பது அதன் சாரம். இந்தக் கடிதம் வெளியே வரச் சில வருடங்கள் ஆயின. மார்ச்சில் குடியேற்றத்துறை நாடு கடத்தல் நடவடிக்கையைத் தொடங்கியது.

*பீட்டில்ஸை அறியாத வக்கீல்*

லெனன் தம்பதி தேடிப்போனது லியான் வைல்ட்ஸ் என்ற நியூயார்க் வக்கீலை. குடியேற்றச் சட்டத்தில் கரைகண்டவர். வேடிக்கை என்னவென்றால், முதல் சந்திப்பில் எதிரே உட்கார்ந்திருந்தது யார் என்றே அவருக்குத் தெரியவில்லை. வீட்டுக்குப் போய்ப் பெயரைத் தப்பும் தவறுமாகச் சொல்ல, மனைவி சொல்லித்தான் தெரிந்ததாம். லெனனின் பாட்டைக் கேட்காதவர், சட்டத்தை வரி வரியாகப் படித்தவர்.

சட்டப்படி பார்த்தால் கேஸ் தோற்கும் கேஸ். விசா முடிந்தது உண்மை. தண்டனை இருப்பதும் உண்மை. வைல்ட்ஸ் முதலில் செய்தது, கலையில் அசாதாரணத் திறமை உள்ளவர்களுக்கான பிரிவில் இருவருக்கும் மனு போட்டது. அதிகாரிகள் மனுவை எடுக்காமல் கிடப்பில் போட்டார்கள். அவர் நேராக ஃபெடரல் கோர்ட்டுக்குப் போனார். உடனே மனு நகர்ந்து, ஏற்கப்பட்டது. இப்படி ஒவ்வொரு படியிலும் அவர் நேரம் சம்பாதித்தார். நாடு கடத்தல் வழக்கில் நேரம் ரொம்ப முக்கியம். ஒரு வருடம் தள்ளிப்போனால் அரசு மாறலாம், சட்டம் மாறலாம், புதிய ஆதாரம் கிடைக்கலாம்.

வெளியிலும் ஆதரவு திரண்டது. நியூயார்க் மேயர் ஜான் லிண்ட்சே, பாடகர் பாப் டிலன் போன்றவர்கள் லெனனை இருக்கவிடச் சொல்லிக் கடிதம் எழுதினார்கள்.

*இந்த வழக்கு எப்படி நடக்கும்?*

இங்கே கொஞ்சம் நிறுத்தி, அமெரிக்க நடைமுறையைப் பார்த்துவிடலாம்.

* நாடு கடத்தல் அங்கே கிரிமினல் வழக்கு கிடையாது, சிவில் நடவடிக்கை. அதனால் கொலை வழக்கில் சிக்கியவருக்குக்கூட அரசு செலவில் வக்கீல் உண்டு, இங்கே இல்லை. வக்கீல் வைத்துக்கொள்ளலாம், காசு நம்முடையது. 1952 சட்டம் அப்படித்தான் சொல்கிறது.

* முதலில் விசாரிக்கும் குடியேற்ற நீதிபதி, நாம் நினைக்கும் சுதந்திரமான நீதித்துறையைச் சேர்ந்தவர் இல்லை. அரசு நிர்வாகத்தின் கீழ் வேலை செய்பவர். லெனன் காலத்திலும் அப்படி, இப்போதும் அப்படி.

* அங்கே தோற்றால் குடியேற்ற மேல்முறையீட்டு வாரியம். அதுவும் அட்டர்னி ஜெனரலுக்குக் கீழேதான். அதற்கும் மேலே போனால்தான் ஃபெடரல் மேல்முறையீட்டு நீதிமன்றம்.

லெனன் இந்த மூன்று படிகளையும் ஏற வேண்டியிருந்தது.

*சாண் ஏறினால் முழம் சறுக்கல்*

1973 மார்ச்சில் குடியேற்ற நீதிபதி ஐரா ஃபீல்ட்ஸ்டீல் தீர்ப்புச் சொன்னார். யோகோ நிரந்தரமாகத் தங்கலாம். லெனன் 60 நாளுக்குள் கிளம்ப வேண்டும். புருஷன் வெளியே, பொண்டாட்டி உள்ளே என்று பயந்தது அப்படியே நடந்தது.

அடுத்த சில நாளில், முட்டாள்கள் தினமான ஏப்ரல் 1 அன்று, இருவரும் பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டார்கள். நியூட்டோப்பியா என்று ஒரு கற்பனை நாட்டை அறிவித்தார்கள். நிலம் இல்லை, எல்லை இல்லை, பாஸ்போர்ட் இல்லை. கொடி ஒரு வெள்ளைக் கைக்குட்டை. அந்த நாட்டின் தூதர்கள் என்ற முறையில் தங்களுக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்று கேட்டார்கள். ஊர் சிரித்தது. வைல்ட்ஸ் மேல்முறையீட்டுக் கட்டுகளைத் தயார் செய்துகொண்டிருந்தார்.

இந்த அழுத்தம் வீட்டுக்குள்ளும் எதிரொலித்தது. 1973-ல் லெனனும் யோகோவும் பிரிந்தார்கள். 1975 தொடக்கத்தில்தான் மறுபடி சேர்ந்தார்கள். இதற்கிடையில் 1974 ஜூலையில் மேல்முறையீட்டு வாரியமும் கைவிரித்தது. இனி ஒரே ஒரு கதவுதான் மிச்சம்.

*கிணறு வெட்ட பூதம் கிளம்பிய கதை*

வைல்ட்ஸுக்கு ரொம்ப நாளாக ஒரு சந்தேகம். நாடு கடத்தத் தகுதியானவர்கள் என்று தெரிந்தும் சிலரைக் குடியேற்றத்துறை சத்தமில்லாமல் விட்டுவைக்கிறது என்று வக்கீல்கள் மத்தியில் பேச்சு உண்டு. கேட்டால், அப்படி ஒரு திட்டமே இல்லை என்பதுதான் அதிகாரிகளின் பதில்.

தகவல் பெறும் சட்டத்தைக் கையில் எடுத்தார். நம்ம ஊர் ஆர்.டி.ஐ. மாதிரியான சட்டம் அது. மனு போட்டார், தரவில்லை என்றதும் வழக்குப் போட்டார். கடைசியில் 1,800-க்கும் மேற்பட்ட வழக்குகளின் விவரம் வெளியே வந்தது. முன்னுரிமை இல்லாத வழக்குகள் என்ற பெயரில் ஒரு திட்டம் இருந்தே இருக்கிறது. வயதானவர், சின்னக் குழந்தை, நோயாளி, நீண்ட காலமாக அங்கே வாழ்பவர், குடும்பம் பிரிந்துபோகும் நிலையில் இருப்பவர். இவர்களின் நாடு கடத்தலை மனிதாபிமான அடிப்படையில் தள்ளிவைப்பதற்கான விதிகள் துறையின் உள் ஆவணத்தில் எழுதியே வைக்கப்பட்டிருந்தன. லெனனைவிடக் கடுமையான குற்றப் பின்னணி உள்ளவர்களுக்குக்கூடச் சலுகை கிடைத்திருந்தது.

அப்படியென்றால் 150 பவுண்டு அபராதம் கட்டிய ஒருவர் மீது மட்டும் ஏன் இவ்வளவு வேகம்? அரசியல் பழிவாங்கல் என்ற வாதத்துக்கு உயிர் வந்தது. இதே நேரத்தில் வாட்டர்கேட் ஊழல் வெடித்து, 1974 ஆகஸ்டில் நிக்சன் பதவி விலகினார். லெனனை வெளியேற்றச் சொல்லிக் கடிதம் பெற்ற ஜான் மிட்சலே 1975-ல் குற்றவாளி என்று தீர்ப்பாகி, பிறகு சிறைக்குப் போனார். லெனன் நியூயார்க்கிலேயே இருந்தார்.

*ஒரு வார்த்தை மாற்றிய தீர்ப்பு*

1975 செப்டம்பர். யோகோ நிறைமாத கர்ப்பிணி. இதைக் காரணமாகச் சொல்லிக் குடியேற்றத்துறையே லெனனின் வெளியேற்றத்தைத் தற்காலிகமாக நிறுத்திவைத்தது.

அக்டோபர் 7 அன்று ஃபெடரல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் லெனன் பக்கம் தீர்ப்பளித்தது. எழுதியவர் தலைமை நீதிபதி இர்விங் காஃப்மன். ஒரு காலத்தில் ரோசன்பர்க் தம்பதிக்கு உளவு வழக்கில் மரண தண்டனை விதித்தவர் இவர். இளகிய மனசுக்காரர் என்று யாரும் சொல்லிவிட முடியாது.

தீர்ப்பின் அடிப்படை ரொம்ப எளிமை. அமெரிக்கச் சட்டம் பேசுவது, தெரிந்தே சட்டவிரோதமாகக் கஞ்சா வைத்திருப்பதைப் பற்றி. ஆனால் லெனன் தண்டிக்கப்பட்ட காலத்து பிரிட்டிஷ் சட்டத்தில், பொருள் உங்கள் வசம் இருந்தாலே குற்றம். அது கஞ்சா என்று உங்களுக்குத் தெரியுமா என்பதை அரசு நிரூபிக்கத் தேவையில்லை. தெரியாமல் இருந்தாலும் தண்டனை கிடைக்கும் சட்டத்தின் தீர்ப்பை வைத்து, ஒருவருக்கு அமெரிக்கக் கதவை மூட முடியாது. இதுதான் நீதிமன்றத்தின் முடிவு. ரகசிய அரசியல் காரணத்துக்காக ஒருவரை மட்டும் குறிவைத்து நாடு கடத்துவதை நீதிமன்றம் ஏற்காது என்பதையும் தீர்ப்பு தெளிவாக்கியது.

இரண்டு நாள் கழித்து அக்டோபர் 9. லெனனின் 35-வது பிறந்தநாள். அன்றைக்கே மகன் ஷான் பிறந்தான்.

1976 ஜூலை 27 அன்று லெனன் கையில் கிரீன் கார்டு வந்தது. எழுத்தாளர் நார்மன் மெய்லர், நடிகை குளோரியா ஸ்வான்சன் ஆகியோர் அவருக்காகச் சாட்சி சொன்னார்கள். உத்தரவு போட்டவர், மூன்று வருடத்துக்கு முன்னால் அவரை வெளியேறச் சொன்ன அதே நீதிபதி ஃபீல்ட்ஸ்டீல்.

*கிடைத்ததும், கிடைக்காமல் போனதும்*

அதன் பிறகு லெனன் கிட்டத்தட்ட ஐந்து வருடம் மேடைப் பக்கமே போகவில்லை. நியூயார்க்கின் டகோட்டா குடியிருப்பில் மகனை வளர்த்துக்கொண்டு வீட்டில் இருந்தார். கிரீன் கார்டு வாங்கி ஐந்து ஆண்டு ஆனால் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். அவருக்கு அந்த வருடம் 1981. ஆனால் 1980 டிசம்பர் 8 இரவு, அதே டகோட்டா வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 40.

எந்தக் குழந்தையைத் தேடி அமெரிக்கா வந்தார்களோ, அந்தக் கியோகோவை லெனன் கடைசிவரை திரும்பப் பார்க்கவில்லை. 1990-களில்தான் அவர் அம்மா யோகோவோடு மறுபடி சேர்ந்தார். லெனன் மீது எஃப்.பி.ஐ. வைத்திருந்த கோப்புகளைப் பெற வரலாற்றுப் பேராசிரியர் ஜான் வீனர் வழக்குப் போட்டார். கடைசிப் பக்கங்கள் வெளிவர 2006 ஆகிவிட்டது.

*இன்றைக்கு இதனால் யாருக்கு லாபம்?*

வைல்ட்ஸ் வெளியே கொண்டுவந்த அந்த ரகசியத் திட்டம்தான், பின்னாளில் ஒத்திவைக்கப்பட்ட நடவடிக்கை என்ற பெயரில் எல்லா வக்கீல்களும் கேட்கக்கூடிய வாய்ப்பாக மாறியது. 2012-ல் அதிபர் ஒபாமா, சிறு வயதில் பெற்றோருடன் அமெரிக்கா வந்து ஆவணம் இல்லாமல் வளர்ந்தவர்களுக்காக டாக்கா திட்டத்தை அறிவித்தார். அதன் சட்ட அடித்தளம் இதே ஒத்திவைப்பு அதிகாரம்தான். கிட்டத்தட்ட 8 லட்சம் பேர் அதில் பலன் பெற்றார்கள். லெனனின் பாட்டை ஒருமுறைகூடக் கேட்காதவர்களும் அதில் நிறைய பேர் இருப்பார்கள். வைல்ட்ஸ் 2024 ஜனவரியில், 90 வயதில் காலமானார்.

ஒரு விஷயம் மட்டும் மாறவில்லை. நாடு கடத்தல் வழக்கில் அரசு செலவில் வக்கீல் என்ற உரிமை அமெரிக்காவில் இன்றும் பொதுவாகக் கிடையாது. நியூயார்க் நகரம் 2013-ல் தன் செலவில் வக்கீல் வைத்துக்கொடுக்கும் திட்டத்தைத் தொடங்கியது, இன்னும் சில ஊர்களும் அதைப் பின்பற்றின. மற்ற இடங்களில் காசு இல்லாதவர் தனியாக நின்று, தெரியாத மொழியில், தெரியாத சட்டத்துக்குப் பதில் சொல்ல வேண்டும்.

லெனனிடம் பணம் இருந்தது, பெயர் இருந்தது, மேயரே கடிதம் கொடுத்தார். அத்தனையும் இருந்தும் முதல் இரண்டு படியிலும் தோற்றார். நான்கு வருடம் விடாமல் சட்டப் புத்தகத்தைப் புரட்டிய ஒரு வக்கீல் இல்லாமல் போயிருந்தால், 1972 மார்ச்சிலேயே அவர் லண்டன் விமானம் ஏறியிருப்பார்.